நீரிழிவு: நோய்ப்பெயரும் நோயறிவும்

முன்னுரை

நோய்களுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள் வெறும் அடையாளச் சொற்கள் அல்ல. ஒரு நோயை ஒரு காலத்தார் எங்ஙனம் கண்டனர், அதற்கு எதனைக் காரணமாகக் கருதினர், எவரை அந்நோய்க்கு உரியவர் என எண்ணினர் என்பனவெல்லாம் அப்பெயர்களுள் அடங்கிக் கிடக்கின்றன. பெயர் அறிவுக்குத் துணையாவதும் உண்டு. அறிவைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. இவ்விரண்டிற்கும் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது நீரிழிவு. அதனுள்ளும் நடுவயதிலும் அதற்குப் பின்னும் பெரும்பான்மையாகத் தோன்றுவதும், இன்று 'இரண்டாம் வகை' என மருத்துவர் குறிப்பதுமாகிய நீரிழிவின் வரலாறு, பெயரும் பொருளும் மாறிமாறி ஒன்றையொன்று திருத்தி வந்த வரலாறாகும். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம். மருத்துவ நூலின் வேலையை மொழியாராய்ச்சி மேற்கொள்ளுதல் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு, இந்நோய் பற்றிய பிழைபாடுகளுள் பல சொல்லாற் பிறந்தவை என்பதே நம் விடையாகும்.

1. நீர் இழிதல்

'நீரிழிவு' என்னும் சொல்லை முதற்கண் நோக்குவோம். இழிதல் என்பதற்கு மேலிருந்து கீழே இறங்குதல் என்பது பழம்பொருள். அருவி மலையினின்று இழியும். வீரன் தேரினின்று இழிவான். இப்பொருள் வழக்கிற் குறைந்து, தாழ்வு என்னும் பொருளே மிக்கு நிற்கும் இக்காலத்தில், நீரிழிவு என்பதை 'நீர் குறைதல்' எனப் பிறழ உணர்வாரும் உளர். உண்மையில் இச்சொல் அதற்கு நேர்மாறானது. உடலினின்று நீர் ஓயாது இறங்கிப் போதலையே அது குறிக்கின்றது.

கிரேக்க மொழியில் இந்நோய்க்கு வழங்கிய 'டயாபீட்டிஸ்' என்னும் சொல்லும் ஊடே கடந்து செல்லுதல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. கி. பி. இரண்டாம் நூற்றாண்டினர் எனக் கருதப்பெறும் கப்படோசிய நாட்டு மருத்துவர் அரெட்டேயஸ், தசையும் உறுப்புகளும் உருகிச் சிறுநீராய் வெளியேறுவது போன்ற கொடிய நோயாக இதனை வருணித்துள்ளார். அது அரிதாகவே காணப்படும் என்றும், முற்றிய நிலையில் நோயாளி நெடுநாள் வாழான் என்றும் அவர் கருதினார். தமிழ்ச்சொல்லும் கிரேக்கச் சொல்லும் ஒன்றையொன்று பார்த்து அமைந்தன அல்ல. ஒரே காட்சியைக் கண்ட இரு மக்கள் ஒரே வகையாகப் பெயரிட்டனர் என்பதே கொள்ளத்தக்கது.

வடமொழி மருத்துவ நூல்களில் இது 'பிரமேகம்' என்னும் தொகுதியுள் அடங்கும். கபத்தால் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு எனப் பிரமேகம் இருபது வகைப்படும். அவற்றுள் வாதத்தின்பாற்பட்ட ஒன்று மதுமேகம். கவனியாது விடப்பெற்ற பிரமேகங்கள் யாவும் இறுதியில் மதுமேகமாக முடியும் என்பது சுசுருதர் கொள்கை. இருபது என்னும் அவ்வெண் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களிலும் இடம் பெற்றுள்ளது.

ஈண்டு ஆராய்ச்சியாளர் கருத்திற் கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. 'மேகம்' என்னும் சொல் தமிழ் மருத்துவ வழக்கில் நீரிழிவை மட்டும் குறிப்பதன்று. வெள்ளை, வெட்டை முதலிய நோய்களும் தோல்நோய் சிலவும் மேகம் என்றே வழங்கப்பெற்றன. ஆகவே, ஒரு சுவடியில் மேகத்திற்கு மருந்து கூறப்பட்டிருத்தலைக் கண்டவுடன் அது நீரிழிவுக்குரிய மருந்து என முடிவு செய்தல் ஆராய்ச்சி நெறியாகாது. சுவடியின் சொல்லைப் பிழைபட உணர்வதால் விளைவது ஏட்டுப்பிழை மட்டுமன்று. அம்மருந்தை நம்பி உண்பவனுக்கு உயிர்ப்பிழையாகவும் முடியலாம்.

நீரின் பெருக்கைக் கொண்டு இட்ட பெயர், நோயின் ஒரு நிலையையே காட்டும் என்பதும் அறியத்தக்கது. குருதியில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராம் என்னும் அளவைக் (100 மில்லிலிட்டருக்கு) கடந்த பின்னரே, பெரும்பாலும் அது சிறுநீரில் வெளிப்படத் தொடங்குகிறது. சர்க்கரை தன்னொடு நீரையும் இழுத்துக்கொண்டு செல்லுதலால் நீர்ப்பெருக்கும் நாவறட்சியும் தோன்றுகின்றன. வயது வந்தோரிடம் காணும் நீரிழிவோ அவ்வளவை எட்டுமுன்பே ஆண்டுக்கணக்கில் ஒலியின்றி உடலில் தங்குவது. நீர் இழியாத நீரிழிவும் உண்டு என்பதைப் பழம்பெயர் உணர்த்த இயலாது.

2. தேனும் சர்க்கரையும்

நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடுவதைக் கண்டு, அது இனிப்புடையது என உணர்ந்தோர் இந்திய மருத்துவர். மதுமேகம் என்னும் பெயரே அதற்குச் சான்று. ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் கி. பி. 1674-இல் இவ்வினிமையை எடுத்துரைத்தார். ஆயினும், அது சர்க்கரைதானா என்பதை அவர் நிறுவவில்லை. 1776-இல் லிவர்ப்பூல் நகரத்து மாத்யூ டாப்சன் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய பொருள் சர்க்கரையே எனக் காட்டினார். குருதி நீரும் இனிப்புடையது என்பதையும் அவர் கண்டார். நோய் சிறுநீரகத்தில் மட்டும் நிற்பதன்று, உடல் முழுதும் பரவியது என்னும் கருத்துக்கு இதுவே வித்தாகும். அச்சர்க்கரை திராட்சையிலுள்ள குளுக்கோஸே என 1815-இல் பிரெஞ்சு வேதியியலார் செவ்ருல் தெளிவுறுத்தினார். உண்ணும் உணவினின்று மட்டுமன்றிக் கல்லீரலினின்றும் சர்க்கரை குருதிக்கு வருகின்றது என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கிளாட் பெர்னார்டு கண்டறிந்தார்.

இவ்வறிவின் விளைவாக எழுந்ததே 'சர்க்கரை நோய்' என்னும் இக்காலப் பெயர். மலேசியத் தமிழர் 'இனிப்பு நீர்' என்று வழங்குவர். மலாய் மொழியிலும் இந்நோய்க்குப் பெயர் இனிய சிறுநீர் என்னும் பொருளதே. ஈழத்தில் 'சலரோகம்' என்னும் பெயர் பேச்சுவழக்கில் பயின்று வருகின்றது. ஒரே நோய்க்கு ஒரே மொழியினர் ஓரிடத்தில் நீரையும், மற்றோரிடத்தில் சுவையையும், வேறோரிடத்தில் பொருளையும் கொண்டு பெயரிட்டமை மொழிநூலார் கருதத்தக்கது.

சர்க்கரை நோய் என்னும் பெயர் ஒரு மயக்கத்தையும் உடன் கொணர்ந்தது. சர்க்கரை உண்பதே நோய்க்குக் காரணம், அதனை விலக்கினால் நோய் நீங்கும் எனப் பலர் எண்ணலாயினர். தேநீரில் சர்க்கரையை விலக்கிவிட்டுச் சோற்றின் அளவைக் குறையாது உண்பவர் தம்மை நெறி பிறழாதவராகவே கருதிக்கொள்வர். குருதியில் ஏறும் குளுக்கோஸ் அரிசியின் மாவுப்பொருளினின்றும் வரும் என்பதும், கல்லீரலே அதனை ஆக்கும் என்பதும் அப்பெயரில் இடம் பெறவில்லை.

3. இருவகை உடம்பு

நோயைக் கண்டு பெயரிட்டதற்கு அடுத்த நிலை நோயாளியைக் கண்டு வகுத்தல். சுசுருத சங்கிதை, பிரமேகத்தை உடன்பிறந்தது என்றும், தகாத உணவுமுறையால் வந்தது என்றும் இரண்டாக்குகிறது. முன்னதனை உடையோர் மெலிந்தவர், குறைந்த உணவினர், நீர்வேட்கை மிக்கவர். பின்னதனை உடையோர் பருத்தவர், மிக உண்பவர், இருக்கையும் படுக்கையும் உறக்கமும் விரும்புபவர். பின்னவர்க்கு உடற்பயிற்சியும் நெடுநடையும் மருந்தாகக் கூறப்படுகின்றன. பொருளற்ற நோயாளி குடையும் செருப்பும் இன்றி நூறு யோசனைத் தொலைவு நடக்கவேண்டும், கிணறு தோண்டுதல் போன்ற உழைப்பை மேற்கொள்ளவேண்டும் என்னும் கருத்துகளும் அந்நூலிற் காணப்படும்.

இதனைக் கண்டு, இன்றைய முதல்வகையும் இரண்டாம் வகையும் அன்றே முற்ற அறியப்பட்டன எனக் கூறுவாருண்டு. அஃது ஆராயத்தக்கது. மெலிந்தவர்க்கும் பருத்தவர்க்கும் நோயின் போக்கு வேறு என்று கண்ட கூர்மை பாராட்டுக்குரியதே. ஆயினும், பெற்றோர் வழி வரும் தன்மை சுசுருதரால் மெலிந்தவர்க்கு உரியதாக்கப்பட்டது. இக்கால ஆராய்ச்சியோ குடும்பவழித் தொடர்பு வயது வந்தோர் நீரிழிவிலேயே வலிதாக இருத்தலைக் காட்டுகின்றது. எனவே இருபாகுபாடுகளும் ஒருபுடை ஒத்தனவேயன்றி ஒன்றாகா. முன்னோர் கண்டதைக் கண்டவாறே மதித்தல் அவர்க்குச் செய்யும் பெருமை. காணாததையும் கண்டார் என்பது பெருமையாகாது.

ஐரோப்பாவில் 1797-இல் ஜான் ரோலோ என்னும் படைமருத்துவர், பருத்த உடலினராகிய படைத்தலைவர் ஒருவர்க்குப் புலாலுணவை மிகுத்துத் தாவர உணவைக் குறைத்துச் சிறுநீர்ச் சர்க்கரை நீங்கக் கண்டார். 1870-71 ஆம் ஆண்டுகளில் பிரஷ்யப் படை பாரிசு நகரை முற்றுகையிட்டபொழுது உணவுப்பஞ்சம் நேர்ந்தது. அப்பொழுது தம் நோயாளிகளின் நிலை நலமுறுவதை அந்நகரத்து அப்பொலினேர் பூசார்தா என்னும் மருத்துவர் நோக்கினார். குறைய உண்க, உடல் உழைக்க என்பதே அவர்தம் மருத்துவமாயிற்று. 1880-ஐ ஒட்டி, லான்செரோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் 'மெலிந்தார் நீரிழிவு', 'பருத்தார் நீரிழிவு' என இரண்டை வகுத்து, முன்னதற்குக் கணையக் கேட்டினைக் காரணமாக்கினார்.

4. கணையமும் இன்சுலினும்

1889-இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் நாயின் கணையத்தை நீக்கினர். அந்நாய்க்கு நீரிழிவு தோன்றியது. 1869-இல் லாங்கர்ஹான்ஸ் கண்டு கூறிய கணையத் திட்டுகளில் சுரக்கும் பொருளே சர்க்கரையை ஆள்வது என்னும் கொள்கை வலுப்பெற்றது. 1921-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் மக்லியட் துணையுடன் அச்சுரப்பைப் பிரித்தனர். காலிப் அதனைத் தூய்மை செய்தார். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பெற்றது. சாவின் வாயிலில் நின்ற சிறுவர் உயிர் மீண்டனர்.

இன்சுலின் இல்லாமையே நீரிழிவு என உலகம் துணிந்தது இதன்பின்னர்தான். அத்துணிபு பாதி உண்மை. வயது வந்த நோயாளிகள் சிலரிடம் இன்சுலின் சிறிதளவே பயன் தந்தமை மருத்துவரை மயங்கச் செய்தது. 1936-இல் லண்டனில் ஹாரால்டு ஹிம்ஸ்வொர்த் நோயாளிகளுக்குக் குளுக்கோஸும் இன்சுலினும் ஒருங்கே கொடுத்து ஆய்ந்து, இன்சுலினுக்கு உடல் இணங்கும் நீரிழிவு, இணங்காத நீரிழிவு என இரண்டு உளவென்று நிறுவினார். அவர் கூற்று உடனே ஏற்கப்படவில்லை. குருதியில் உள்ள இன்சுலினைச் செவ்வனே அளக்கும் கருவி அன்று இல்லாமையே அதற்குக் காரணம். 1960-ஐ ஒட்டி ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை வகுத்தனர். வயது வந்த நோயாளர் குருதியில் இன்சுலின் இல்லாமற் போகவில்லை, சிலரிடம் மிகுந்தே இருந்தது என்பது அதனால் வெளிப்பட்டது. யாலோவுக்கு 1977-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-இலேயே மறைந்தார்.

இன்று தெளிவாகியுள்ள முறை இது: தசையும் கொழுப்பும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கத் தவறும்போது கணையம் மிகுதியாகச் சுரந்து ஈடு செய்கின்றது. ஈடு செய்யும் வரையில் நோய் வெளிப்படாது. சுரக்கும் உயிரணுக்கள் தளர்ந்தபின் சர்க்கரை ஏறுகின்றது. எதிர்ப்பும் தளர்ச்சியும் ஆகிய இவ்விரண்டும் கூடியதே வயது வந்தோர் நீரிழிவு. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் சுரக்கும் ஆற்றலில் பெரும்பகுதி முன்னரே குறைந்திருத்தல் இயல்பு.

5. வயதால் வகுத்தமையும் அதன் வீழ்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் 'இளமையில் தோன்றுவது', 'முதிர்ச்சியில் தோன்றுவது' என்னும் பெயர்கள் நிலைபெற்றன. 1979-இல் அமெரிக்க நாட்டுக் குழுவொன்று வயதை விடுத்து, 'இன்சுலினைச் சார்ந்தது', 'சாராதது' எனப் பெயரிட்டது. உலக நல நிறுவனமும் 1980-இல் அதனைத் தழுவியது. அதுவும் நிலைக்கவில்லை. 'சாராத' நோயாளரும் காலப்போக்கில் இன்சுலின் ஊசியை நாட நேர்ந்தமையின், மருந்தைக் கொண்டு நோயை வகுத்தல் பொருந்தாதாயிற்று. 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 1999-இல் உலக நல நிறுவனமும் முதல் வகை, இரண்டாம் வகை என எண்ணாற் குறித்தன.

எண் பொருளற்ற பெயர். அப்பொருளின்மையே ஈண்டுச் சிறப்பாகின்றது. பொருளுடைய பெயர்கள் ஒவ்வொன்றும் சிலரைப் புறத்தே நிறுத்திவிட்டன. முதல்வகை நோய், உடல் தன் கணைய உயிரணுக்களைத் தானே அழித்துக்கொள்வதால் வருவது. அதனைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் 1974-இல் அறியப்பட்டன. அவ்வழிவு முதியோரிடம் மெல்ல நிகழ்தலும் உண்டு. இன்னோர் 'முதியோர் நீரிழிவினர்' எனக் கருதப்பெற்று, வேண்டிய இன்சுலினை உரிய காலத்தில் பெறாது நலிந்தனர். மறுபுறம், அமெரிக்க நாட்டு அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடிச் சிறுவரிடையே இரண்டாம் வகை தோன்றுதல் 1979-இலேயே எடுத்துரைக்கப்பட்டது. இன்று பல நாடுகளில் இளையோரிடம் அது காணப்படுகின்றது. வயதென்னும் வேலி இரு பக்கமும் சிதைந்தது.

6. மருத்துவ நெறி

வயது வந்தோர் நீரிழிவுக்குரிய விழுங்கும் மருந்துகள் எதிர்பாராத வழியில் வந்தன. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் நச்சுக்காய்ச்சலுக்குக் கந்தகக் கூட்டுப்பொருள் ஒன்றை ஆய்ந்த ஜான்பன், நோயாளர்க்குச் சர்க்கரை மிகத் தாழ்வதைக் கண்டார். லூபாத்தியேர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். 1950-களில் அவ்வினத்து மாத்திரைகள் வழக்கில் வந்தன. கலேகா என்னும் ஐரோப்பியப் பூண்டின் வேதிப்பொருளோடு உறவுடைய மெட்ஃபார்மினை 1957-இல் ழான் ஸ்டெர்ன் மருந்தாக்கினார். அதன் இனத்ததாகிய ஃபென்ஃபார்மின் குருதியில் அமிலத்தை மிகுத்து உயிருக்கு ஊறு செய்தமையால் 1970-களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அதன் நிழல் மெட்ஃபார்மின்மீதும் படிந்தது. அமெரிக்க அரசு 1994-இல்தான் அதற்கு இசைவளித்தது.

சர்க்கரையைத் தாழ்த்துதலால் உண்மையில் நன்மை உண்டா என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது. 1970-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, டால்புட்டமைடு உண்டாரிடம் இதயநோய்ச் சாவு மிகுந்ததாகக் கூறிப் பெரும்பூசலை எழுப்பியது. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கிய ஆய்வில் 5,102 நோயாளர் சேர்க்கப்பட்டனர். முடிவு 1998-இல் வெளிவந்தது. சர்க்கரையை நெருங்கக் காத்தவரிடம் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் 25 விழுக்காடு குறைந்தன. குருதியழுத்தத்தைக் காத்தலும் பெரும்பயன் விளைத்தது. ஆயினும், மிகக் கடுமையாகத் தாழ்த்துதல் எல்லார்க்கும் நன்றன்று. அங்ஙனம் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் சாவு மிகுந்தமையால் 2008-இல் அப்பகுதி நிறுத்தப்பட்டது. அளவை நோயாளியின் வயதும் உடல்நிலையும் நோக்கி அமைக்கவேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் முடிவு.

வருமுன் காத்தலும் ஆய்வால் உறுதி பெற்றது. 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நோயின் வாயிலில் நின்றாருள் உணவாலும் நடையாலும் எடை குறைத்தோர்க்கு நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடும், மெட்ஃபார்மின் உண்டார்க்கு 31 விழுக்காடும் குறைந்தது. 2018-இல் அச்சேறிய பிரித்தானிய ஆய்வொன்றில், உணவை வெகுவாகச் சுருக்கி எடை குறைத்தோருள் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோய் தணிந்த நிலையை அடைந்தனர். தணிதல் வேறு, நீங்குதல் வேறு. எடை மீண்டால் நோயும் மீளும். ஆயினும், ஒருமுறை வந்தால் ஏறுமுகமாகவே செல்லும் என்னும் பழைய நம்பிக்கை இதனால் தளர்ந்தது.

7. நம் நாட்டு நிலை

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கி, 1954-இல் இராயபுரத்தில் மருத்துவமனை ஒன்றும் நிறுவியவர் பேராசிரியர் ம. விசுவநாதன். சென்னையிலிருந்து அ. இராமச்சந்திரனும் உடன் ஆய்வாளரும் 2006-இல் வெளியிட்ட தடுப்பாய்வு 531 பேரைக் கொண்டது. வாழ்க்கை முறையைத் திருத்தியோர்க்கு 28.5 விழுக்காடும், மெட்ஃபார்மின் உண்டார்க்கு 26.4 விழுக்காடும் நோய்வாய்ப்பு குறைந்தது. இரண்டையும் ஒருங்கு மேற்கொண்டமையால் மிகுபயன் விளையவில்லை.

இங்கும் பெயரின் மயக்கம் தொடர்ந்தது. பருத்தார்க்கும் செல்வர்க்கும் உரிய நோய் என்னும் எண்ணத்தால், மெலிந்தவரும் உழைப்பவரும் தமக்கு அது வாராதென்று வாளா இருந்தனர். தெற்காசிய மக்களுக்கு வெளித்தோற்றத்தில் பருமன் இல்லாதபோதும் வயிற்றகத்தே கொழுப்பு மிகுதல் உண்டு. இதனை நோக்கி 2004-இல் உலக நல நிறுவனத்து அறிஞர் குழு, ஆசியர்க்கு உடல் நிறை எண் 23-இலிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்றது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவினர் 10.1 கோடியர் என்றும், அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடியர் என்றும் கணக்கிட்டது. இத்தொகை செல்வர்தம் தொகையன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நீரைக் கண்டவர் நீரிழிவு என்றனர். சுவையைக் கண்டவர் மதுமேகம் என்றனர். உடலையும் வயதையும் மருந்தையும் கண்டவர் அவ்வவற்றாற் பெயரிட்டனர் என்பது பெறப்படும். ஒவ்வொரு பெயரும் ஓர் உண்மையைக் கண்டது. கண்டதையே முழுமை எனக் கொண்டவிடத்துப் பிழைத்தது. முதியவர் அல்லர், பருத்தவர் அல்லர், செல்வர் அல்லர், நீர் மிகப் போகவில்லை என்னும் நான்கு காரணங்களால் தம்மை நோயற்றவராகக் கருதினோர் பலர். அவர்கட்குக் கண்ணும் காலும் சிறுநீரகமும் கெட்டபின்னரே நோய் புலனாயிற்று.

சொற்பொருளைத் தெளிவுறுத்துதல் தமிழாராய்ச்சியின் கடமை. மேகம் எனவும் நீரிழிவு எனவும் நம் சுவடிகளில் வருமிடங்களைத் தொகுத்து, எவ்விடத்து எந்நோய் குறிக்கப்பெற்றது என்பதைக் குறிகளைக் கொண்டு பிரித்துக் காட்டும் பணி மேலும் விரிவாக நிகழவேண்டும். மொழிநூலாரும் சித்த மருத்துவரும் இக்கால மருத்துவரும் ஒருங்கிருந்து செய்தற்குரியது அது. மருத்துவக் கல்லூரியில் தமிழ் வழங்கும் நாளை எதிர்நோக்கும் நாம், அங்கு வழங்கவேண்டிய சொற்களின் வரலாற்றை இன்றே செப்பஞ்செய்து வைத்தல் வேண்டும்.